கென்ரக்கி: வடக்கும் தெற்கும் சந்தித்த நிலம்

நாடுகளின் எல்லைகளை ஆறுகளும் மலைகளும் வகுப்பதுண்டு. ஆயின், ஒரு நிலத்து மக்கள் தம்மை இன்னார் என்று கருதும் கருத்தை வகுப்பவை ஆறும் மலையும் மட்டும் அல்ல. தம் முன்னோர் செய்தவற்றுள் எதனை அவர்கள் நினைவில் வைக்கின்றனர், எதனை மறந்துவிடுகின்றனர் என்பதும் அக்கருத்தை உருவாக்குகின்றது. இவ்வுண்மையை விளக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கென்ரக்கி மாநிலத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1861 ஆம் ஆண்டு தொடக்கம் 1865 ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் ஒரு பெரும் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அடிமை முறையைக் கைக்கொண்டிருந்த பதினைந்து மாநிலங்களுள் பதினொன்று ஐக்கியத்தினின்றும் விலகித் தமக்கெனத் தெற்குக் கூட்டரசு ஒன்றை அமைத்தன. எஞ்சிய டெலவேர், மேரிலாந்து, கென்ரக்கி, மிசூரி என்னும் நான்கும் அடிமை முறையையும் கைவிடவில்லை, ஐக்கியத்தையும் கைவிடவில்லை. போரின் நடுவே, 1863 இல், வேர்ஜீனியாவினின்றும் பிரிந்து தனி மாநிலமான மேற்கு வேர்ஜீனியாவும் இவற்றோடு சேர்ந்தது. இவையே 'எல்லை மாநிலங்கள்' எனப்படுகின்றன. பிறநாட்டோடு எல்லை கொண்டமையால் அன்று. அடிமை நிலத்துக்கும் அடிமையற்ற நிலத்துக்கும் நடுவே கிடந்தமையாலேயே அவை இப்பெயர் பெற்றன. அவற்றுள் இரு திசையாலும் மிகுதியாக இழுக்கப்பட்டது கென்ரக்கி எனலாம்.

இந்நிலத்தின் இயற்கை அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். வடக்கே ஒகையோ ஆறு நெடுந்தூரம் எல்லையாக ஓடுகின்றது. அதன் மறுகரையில் ஒகையோ, இந்தியானா, இலினோய் ஆகிய மாநிலங்கள் உள்ளன. அங்கே அடிமை முறை சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர். அங்கு வாழ்ந்தோர் சிறு நிலங்களைத் தாமே உழுது பயிரிட்டவர்கள். அடிமைகளை வைத்திருந்தோர் அவர்களுட் சிலரே. நடுவே லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்து, சுண்ணக்கல் மண்ணில் புல் செழித்து வளரும் 'புளூகிராஸ்' சமவெளி பரந்துள்ளது. குதிரை வளர்ப்புக்கும், புகையிலைக்கும், சணல் வகைப் பயிருக்கும் பெயர் பெற்ற அச்சமவெளியிலேயே செல்வரும் அடிமைகளும் மிகுந்திருந்தனர். மேற்குக் கோடியில், 1818 இல் சிக்கசோ மக்களிடமிருந்து பெறப்பட்ட தாழ்நிலம் மிசிசிப்பி ஆற்றைத் தொடுகின்றது. அது தெற்கோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தது.

வாணிகமும் இவ்வாறே இருபாற்பட்டது. கென்ரக்கியின் விளைபொருள்கள் ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே நியூ ஓர்லியன்ஸ் வரை சென்றன. தெற்கத்திய பருத்திப் பொதிகளைக் கட்டும் கயிறும் சாக்கும் கென்ரக்கிச் சணலால் ஆனவை. லூயிவில் நகரையும் தெற்கேயுள்ள நாஷ்வில் நகரையும் இணைக்கும் புகையிரதப் பாதை 1859 இல் திறக்கப்பட்டது. அதே வேளையில் ஆற்றின் வடகரையிலிருந்த சின்சினாட்டி நகரோடும் கிழக்கத்தைய நகரங்களோடும் கொடுக்கல் வாங்கல் ஆண்டுதோறும் பெருகியது. குடியேறியோரின் வழக்கங்களோ பெரும்பாலும் வேர்ஜீனியாவிலிருந்து வந்தவை. டேனியல் பூன் 1775 இல் கம்பலாந்து கணவாயினூடே வகுத்த காட்டுப் பாதை வழியாக வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர். 1792 யூன் முதலாந் திகதி கென்ரக்கி பதினைந்தாவது மாநிலமாக ஐக்கியத்திற் சேர்ந்தது.

அவ்வாண்டிலேயே வகுக்கப்பட்ட அரச முத்திரையில் நண்பர் இருவர் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் உருவம் பொறிக்கப்பட்டது. இணைந்து நின்றால் நிற்போம், பிரிந்தால் வீழ்வோம் என்பது அதன் வாசகத்தின் பொருள். இம்முத்திரைக்கு ஏற்பவே கென்ரக்கியின் தலைவர்களும் சமரசத்தையே தம் அரசியல் நெறியாகக் கொண்டனர். வேர்ஜீனியாவிற் பிறந்து லெக்சிங்டனில் வாழ்ந்த ஹென்றி கிளே 1820 இலும் 1850 இலும் வடக்கையும் தெற்கையும் சமரசப்படுத்துவதில் முன்னின்று உழைத்தார். அவர் 1852 இல் மறைந்தபின் அப்பணியைத் தொடர்ந்தவர் செனற்றர் ஜோன் கிறிட்டென்டன். 1860 டிசம்பரில், நாடு பிளவுறும் தறுவாயில், அவர் இறுதியாக ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. பின்பு அவருடைய மைந்தருள் ஜோர்ஜ் தெற்குப் படையிலும், தோமஸ் ஐக்கியப் படையிலும் சேனாதிபதிகளாயினர். தந்தையால் நாட்டை இணைக்க முடியவில்லை. தன் இல்லத்தையும் இணைக்க முடியவில்லை.

இச்சமரசங்கள் யாருடைய செலவில் நடைபெற்றன என்ற வினாவை வரலாறு தவிர்த்தல் கூடாது. 1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கென்ரக்கியில் வாழ்ந்த 11,55,684 பேருள் 2,25,483 பேர் அடிமைகள். அஃதாவது ஐவரில் ஏறத்தாழ ஒருவர். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தோர் 38,000 பேருக்கு மேற்பட்டனர். ஆழ்தெற்கின் பெருந்தோட்டங்களைப் போலன்றி, ஒருவரிடம் சராசரி ஆறு பேர் அளவிலேயே இருந்தனர். இதனைக் கொண்டு கென்ரக்கியின் அடிமை முறை மென்மையானது என்று கூறுவாரும் இருந்தனர். ஆயினும், லெக்சிங்டன் நகரின் நடுச்சதுக்கத்தில் மனிதர் ஏலம் விடப்பட்டனர். தெற்கே பருத்தி நிலங்களுக்கு விற்கப்பட்டுக் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர். 'ஆற்றின் கீழே விற்றல்' என்னும் சொற்றொடர் அம்மக்களுக்குப் பேரச்சத்தின் பெயராயிற்று.

1856 சனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப் பெண் உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைத் தன் குடும்பத்தாருடன் இரவில் நடந்து கடந்தாள். சின்சினாட்டியில் அவர்கள் சூழப்பட்டபோது, தன் சிறு மகள் மீண்டும் அடிமையாவதைக் காண ஒருப்படாத அத்தாய் அக்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றாள். எஞ்சியோர் கென்ரக்கிக்குத் திருப்பி அனுப்பப்பட்டுப் பின் தெற்கே கொண்டு செல்லப்பட்டனர். நிலப்படத்தில் வெறுங் கோடாகத் தோன்றும் எல்லை, மனித வாழ்வில் எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

போர் மூண்டபோது இரு தரப்பின் தலைவர்களும் கென்ரக்கியிற் பிறந்தவர்களாயிருந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தெற்குக் கூட்டரசின் தலைவரான ஜெபர்சன் டேவிஸ் 1808 இலும், ஐக்கிய நாடுகளின் சனாதிபதியான ஆபிரகாம் லிங்கன் 1809 இலும் ஏறத்தாழ நூறு மைல் இடைவெளியில் அமைந்த இரு சிற்றூர்களிற் பிறந்தனர். ஒருவருடைய குடும்பம் தெற்கே மிசிசிப்பிக்கும், மற்றவருடையது வடக்கே இந்தியானாவுக்கும் பெயர்ந்தது. பிறந்த மண்ணில் லிங்கனுக்கு ஆதரவு மிகக் குறைவு. 1860 ஆம் ஆண்டுத் தேர்தலில் கென்ரக்கி முழுவதிலும் அவர் பெற்றவை 1,364 வாக்குகளே.

1861 ஏப்பிரலில் லிங்கன் படை திரட்டுமாறு மாநிலங்களைக் கேட்டபோது, கென்ரக்கியின் ஆளுநர் மகோபின் தெற்கைத் தாக்குதற்கு ஓர் ஆளையும் தாரேன் என மறுத்துவிட்டார். ஆயினும் சட்டசபை பிரிந்து செல்லவும் இணங்கவில்லை. மே மாதத்தில் கென்ரக்கி நடுநிலையை அறிவித்தது. ஒரு நாட்டின் உறுப்பாகிய மாநிலம் அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் நடுநிலை வகிப்பதென்பது சட்டத்துக்குப் பொருந்தாத நிலை. லிங்கன் அதனை வெளிப்படையாக ஏற்கவுமில்லை, உடைக்கவுமில்லை, பொறுமையுடன் காத்திருந்தார். கென்ரக்கியை இழத்தல் போர் முழுவதையும் இழப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. மிசூரியில் சேனாதிபதி பிறிமொன்ற் அடிமைகளை விடுதலை செய்து ஆணையிட்டபோது, கென்ரக்கி விலகிவிடும் என்று அஞ்சியே லிங்கன் அவ்வாணையைத் திருத்தினார்.

நடுநிலை நான்கு மாதங்களே நிலைத்தது. ஓகஸ்ற் மாதத் தேர்தலில் ஐக்கியத்தை ஆதரித்தோர் சட்டசபையின் கீழவையில் நூறு இடங்களுள் 76 ஐக் கைப்பற்றினர். செப்டெம்பர் தொடக்கத்தில் தெற்குப் படை மேற்குக் கோடியிலுள்ள கொலம்பஸ் என்னும் ஊரைப் பிடித்தது. உடனே சேனாதிபதி கிறாண்ட் பதூக்கா நகருட் புகுந்தார். தெற்குப் படை வெளியேற வேண்டும் என்று சட்டசபை கட்டளையிட்டது. இதனை ஏற்காதோர் நவம்பரில் ரசல்வில் என்னுமிடத்திற் கூடித் தமக்கென ஓர் அரசை அமைத்தனர். டிசம்பரில் அது தெற்குக் கூட்டரசிற் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இவ்வாறு ஒரே மாநிலத்துக்கு இரு அரசுகள் தோன்றின. இரு கொடிகளிலும் கென்ரக்கிக்கு ஒவ்வொரு விண்மீன் இருந்தது. 1862 ஒக்டோபர் 8 ஆம் திகதி பெரிவில் என்னும் ஊரருகே நடந்த கடும் போரில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ காணாமற்போயோ இழக்கப்பட்டனர். அதன்பின் தெற்குப் பெரும்படை கென்ரக்கியை விட்டு நீங்கியது.

பிளவு இல்லங்களுள்ளும் புகுந்தது. லிங்கனின் மனைவியார் மேரி லெக்சிங்டன் நகரத்து அடிமை உடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவருடைய மாற்றாந் தாய்ச் சகோதரர் சிலர் தெற்குப் படையிற் போரிட்டனர். மாற்றாந் தாய்ச் சகோதரி எமிலியின் கணவரான பென்ஜமின் ஹெல்ம் என்பாருக்கு லிங்கன் ஐக்கியப் படையில் ஒரு பதவி அளிக்க முன்வந்தார். ஹெல்ம் அதனை மறுத்துத் தெற்கிற் சேர்ந்து, 1863 இல் சிக்கமோகாப் போர்க்களத்தில் வீழ்ந்தார். கணவனை இழந்த எமிலி அவ்வாண்டு டிசம்பரில் வெள்ளை மாளிகைக்கே விருந்தினராய் வந்து தங்கினார்.

எனினும், ஐக்கியத்துக்காகப் போரிட்ட கென்ரக்கியர் தெற்குக்காகப் போரிட்டோரினும் மிகப் பலர். அவ்வாறாயின் பின்னாளில் அம்மாநிலம் தன்னைத் தெற்கு என்று கருதியது எங்ஙனம்? இதற்கு விடை போரின் நோக்கம் மாறியதில் உளது. வெள்ளையருட் பெரும்பாலோர் காக்க விரும்பியது ஐக்கியத்தை. அடிமைகளின் விடுதலையை அன்று. 1862 இல் லிங்கன் எல்லை மாநிலங்களுக்கு ஈட்டுப் பணம் தந்து அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்குமாறு வேண்டினார், கென்ரக்கி இணங்கவில்லை. 1863 சனவரி முதலாந் திகதி வெளியான விடுதலைப் பிரகடனம், கலகஞ் செய்த பகுதிகளுக்கே உரியதாகையாற் கென்ரக்கியைத் தொடவில்லை. எனினும், விரைவில் தம் முறை வரும் என்று அடிமை உடைமையாளர் உணர்ந்தனர்.

1864 இல் கறுப்பின மக்களைப் படையிற் சேர்த்தல் கென்ரக்கியிலும் தொடங்கியது. படையிற் சேர்ந்த அடிமை அக்கணமே விடுதலை பெற்றான். லெக்சிங்டனுக்குத் தெற்கேயுள்ள நெல்சன் முகாமை நோக்கி அவர்கள் கூட்டங் கூட்டமாக நடந்தனர். வழியில் அடியுண்டோரும் உயிரிழந்தோரும் உளர். ஆயினும் ஏறத்தாழ 24,000 கறுப்பினப் போர்வீரரைக் கென்ரக்கி அளித்தது. இத்தொகையில் அதனை விஞ்சியது லூசியானா ஒன்றே. போர்வீரர் விடுதலை பெற்றனரேனும் அவர்தம் மனைவியரும் மக்களும் அடிமைகளாகவே இருந்தனர். 1864 நவம்பரில், கடுங்குளிரிற் படையதிகாரிகள் முகாமிலிருந்த ஏறத்தாழ நானூறு பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றினர். அவர்கள் தங்கிய குடிசைகளையும் அழித்தனர். நூற்றுவருக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர். செய்தி நாடெங்கும் பரவியது. மக்கள் மனச்சான்று விழித்தது. 1865 மார்ச்சில், போர்வீரரின் மனைவியரையும் மக்களையும் விடுதலை செய்யும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது.

ஆனால் கென்ரக்கிச் சட்டசபையின் மனம் அவ்வழியிற் செல்லவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அது 1865 பெப்ரவரியில் நிராகரித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வேறு மாநிலங்களின் சம்மதத்தால் அத்திருத்தம் சட்டமாகும் வரை, கென்ரக்கியில் அடிமை முறை நீடித்தது. பிரிந்து சென்ற தெற்கு மாநிலங்களில் அது போரோடு முடிந்துவிட, பிரியாது நின்ற கென்ரக்கியில் போருக்குப் பின்பும் பல திங்கள் நிலவியது.

போருக்குப் பின் தோன்றிய மாற்றம் வியப்புக்குரியது. ஐக்கிய அரசு தம்மை ஏமாற்றிவிட்டது என்று வெள்ளையர் பலர் எண்ணினர். தெற்குப் படையினின்றும் மீண்டோர் மதிக்கப்பட்டனர். முன்னாள் தெற்குப் படைத் தலைவரான சைமன் பக்னர் 1887 இல் ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்டார். போர் முடிந்த பின்னரே கென்ரக்கி ஐக்கியத்தினின்றும் பிரிந்தது என்று வரலாற்றாசிரியர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ஊர்தோறும் தெற்கு வீரருக்கு நினைவுச் சின்னங்கள் எழுந்தன. ஐக்கிய வீரருக்கு எழுந்தவை சிலவே.

1924 ஆம் ஆண்டு இதனைத் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டில் டேவிஸ் பிறந்த பெயர்வியூ என்னுமிடத்தில் 351 அடி உயரமான கற்றூண் ஒன்று நிறைவுற்றுத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைநகராகிய பிராங்போர்ட்டின் ஒரு மயானத்தில், கறுப்பினப் பெண்கள் சங்கமொன்றின் முயற்சியால் ஒரு சிறு கல் நாட்டப்பட்டது. அதிற் பொறிக்கப்பட்டவை ஐக்கியத்துக்காகப் போரிட்ட கறுப்பின வீரர் 142 பேரின் பெயர்கள். வானளாவும் தூண் தோற்ற அரசின் தலைவருக்கு. சிறு கல் வென்ற படையின் வீரருக்கு. ஒரு மாநிலத்தின் இரு நினைவுகளுக்கு இவ்விரு கற்களுமே அளவுகோல்.

கலைகளிலும் இவ்விருமை காணப்படுகின்றது. கென்ரக்கியின் மாநிலப் பாடலாக 1928 இல் ஏற்கப்பட்ட பாடல், பென்சில்வேனியாவிற் பிறந்த ஸ்ரீபன் பொஸ்ரர் 1853 இல் வெளியிட்டது. தெற்கே விற்கப்பட்ட ஓர் அடிமையின் பிரிவுத் துயரே அதன் பொருள். நாளடைவில் அத்துயரம் மறக்கப்பட்டு, பழைய இன்ப வாழ்வை நினைந்துருகும் பாடலாக அது பாடப்பட்டது. அதிலிருந்த இழிவுச் சொல்லை நீக்கிச் சட்டசபை தீர்மானித்தது 1986 இலேதான். லூயிவில்லில் நடைபெறும் புகழ்மிக்க குதிரைப் பந்தயத்திலே இப்பாடல் ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. 1875 இல் நடந்த முதற் பந்தயத்திற் குதிரை செலுத்திய பதினைவருட் பதின்மூவர் கறுப்பினத்தவர். வென்றவரும் அவ்வினத்தவரான ஒலிவர் லூயிஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் அத்தொழிலினின்றும் ஒதுக்கப்பட்டனர். 1902 க்குப் பின் அப்பந்தயத்தில் அவர்களுள் எவரும் வென்றதில்லை. மாநிலத்தின் பெயரோடு பிரிக்கவியலாத 'புளூகிராஸ்' இசையை உருவாக்கிய பில் மன்றோ, ஆர்னல்ட் ஷல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரிடம் தாம் கற்றதைப் போற்றிக் கூறினார். தெற்குப் பண்பாடு என்று புகழப்படுவதனுள் அடிமைகளின் வழிவந்தோர் படைத்த பங்கு எத்துணை என்பதை இவை காட்டுகின்றன.

ஆயினும் கென்ரக்கி முற்றிலும் தெற்காகிவிடவுமில்லை. கிழக்கு மலைநாட்டார் லிங்கனின் கட்சிக்கே நெடுங்காலம் வாக்களித்தனர். ஆழ்தெற்கிற் பறிக்கப்பட்ட வாக்குரிமை கென்ரக்கியின் கறுப்பின மக்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. ஜோன் பீ என்னும் பாதிரியார் 1855 இல் அடிகோலிய பெரியாக் கல்லூரியில், போருக்குப் பின் இரு இனத்து மாணவரும் ஒருங்கே பயின்றனர். 1904 இல் மாநிலச் சட்டம் ஒன்று அதனைத் தடை செய்தது. 1908 இல் நாட்டின் மீயுயர் நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது.

அத்தீர்ப்புக்கு உடன்படாது நின்ற நீதியரசருள் ஒருவர் ஜோன் மார்ஷல் ஹார்லன். அவர் கென்ரக்கியின் அடிமை உடைமைக் குடும்பத்திற் பிறந்தவர். ஐக்கியப் படையிற் பணிபுரிந்தவர். ஆயினும் பதின்மூன்றாவது திருத்தத்தை அன்று எதிர்த்தவர். பின்னர் மனம் மாறினார். புகையிரதங்களில் இனவாரியாக இருக்கைகளைப் பிரிப்பது செல்லும் என 1896 இல் ஏனைய நீதியரசர் முடிவு செய்தபோது, அரசியலமைப்பு நிறத்தை நோக்காது என்று தனியொருவராய் மறுத்துரைத்தார். எல்லை நிலத்திற் பிறந்த ஒருவர் எல்லையைக் கடக்கவும் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு.

1964 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் பிராங்போர்ட் நகரிற் பேரணியாகச் சென்றனர். 1966 இல் கென்ரக்கி தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தெற்கு மாநிலங்களுள் இதனை முதலிற் செய்தது அதுவே. 1865 இல் நிராகரித்த பதின்மூன்றாவது திருத்தத்தை 1976 மார்ச்சில் அது சம்பிரதாயமாக ஏற்றுக்கொண்டது. இடையிற் கழிந்தவை நூற்றுப் பதினொரு ஆண்டுகள். நெல்சன் முகாம் 2018 இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் லிங்கன் சிலையோடு 1936 முதல் நின்ற டேவிஸ் சிலை 2020 யூனில் அகற்றப்பட்டது.

இன்று அமெரிக்கக் குடிசன மதிப்புத் திணைக்களம் கென்ரக்கியைத் தெற்கு மாநிலங்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. ஒகையோ ஆற்றங்கரை நகரத்தாரைக் கேட்டால் ஒரு விடையும், மேற்குத் தாழ்நிலத்தாரைக் கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கலாம். இரண்டும் பொய்யல்ல. வடக்கா தெற்கா என்ற வினாவிலும் ஆழமானது, அம்மண்ணில் வாழ்ந்த எல்லாரும் அம்மண்ணின் வரலாற்றில் இடம் பெற்றனரா என்ற வினா. முத்திரையிலே இருவரைத் தழுவி நிற்கச் செய்த முன்னோர், ஐவரில் ஒருவரை அத்தழுவலுக்கு வெளியே நிறுத்தினர். அவ்வொருவரின் வழிவந்தோரோ படைக்களத்திலும் பந்தயத் திடலிலும் இசையரங்கிலும் அம்மாநிலத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். அவர்தம் பெயர்களையும் சேர்த்துப் படிக்கும்போதே கென்ரக்கியின் வரலாறு முழுமை பெறுகின்றது.